அப்பாவின் மூச்சு, மகனின் கையெழுத்து: கர்நாடகத்தின் 'லிவிங் வில்' உத்தரவு மாரிகுப்பத்துக்கு எந்த அளவுக்கு உதவும்?

கர்நாடக சுகாதாரத் துறை 2025 ஜனவரி 30 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. இனி குணமாக வாய்ப்பில்லை என்ற நிலையில் இருக்கும் நோயாளிக்கு வென்டிலேட்டர் போன்ற உயிர்காப்பு சிகிச்சையை நிறுத்தலாமா, அதை யார், எப்படி முடிவு செய்வது என்பதுதான் அதன் உள்ளடக்கம். ஆனால் பல செய்திகளின் தலைப்பில் ஏறி உட்கார்ந்தது 'கருணைக்கொலை' என்ற சொல்.

அந்தச் சொல்லால் வந்த கெடுதல் சின்னது இல்லை. இந்த உத்தரவு யாரையும் கொல்ல அனுமதிக்கவில்லை. ஊசி போட்டு உயிரை முடிப்பது இந்தியாவில் இன்றும் குற்றம்தான். பயனில்லாத சிகிச்சையைத் தொடங்காமல் இருப்பது, அல்லது தொடங்கியதை நிறுத்திவிட்டு வலியும் மூச்சுத்திணறலும் இல்லாமல் பார்த்துக்கொள்வது, இவ்வளவுதான் விஷயம். ஆனால் 'கொலை' என்று ஒரு சொல் காதில் விழுந்த பிறகு, வீட்டில் எந்த மகன் அப்பாவிடம் இந்தப் பேச்சை எடுப்பான்?

எடுத்தாக வேண்டிய ஊர்களில் ஒன்று மாரிகுப்பம்.

ஏன் மாரிகுப்பம்?

பங்காருப்பேட்டையில் இருந்து கோலார் தங்கவயலுக்குள் வரும் ரயில் பாதை முடியும் இடம் இது. காலை ரயிலில் இங்கிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். சுமார் 100 கிலோமீட்டர் போய், மாலையில் அதே 100 கிலோமீட்டர் திரும்புகிறார்கள். அவர்களுடைய அப்பாக்களும் தாத்தாக்களும் போனது வேறு திசை. பூமிக்கு அடியில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததில் இருந்து, வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், இந்தச் சுரங்கங்களில் இறங்கினார்கள். பாறையைத் துளைக்கும்போது கிளம்பும் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாகிவிடும். அதுதான் சிலிகோசிஸ். 1940-களில் இங்கே ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, பத்தில் நான்கு பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. இந்தியாவில் சிலிகோசிஸ் பற்றிய ஆரம்பகால மருத்துவப் பதிவுகள் இந்த ஊர்க்காரர்களின் நுரையீரலில் இருந்துதான் எழுதப்பட்டன.

பாரத் கோல்டு மைன்ஸ் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. சுரங்கம் மூடினால் நோய் மூடிவிடாது. தூசியை விட்டு விலகி வந்த பிறகும் சிலிகோசிஸ் உள்ளே வளரும், காசநோய் வரும் ஆபத்தையும் கூட்டும். 1980-ல் இருபது வயதில் சுரங்கத்தில் இறங்கியவருக்கு இன்று அறுபத்தைந்துக்கு மேல். "ஆஸ்துமாதான், குளிர் காலத்துல கொஞ்சம் வாங்கும்" என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது.

2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, தங்கவயலில் குவிந்து கிடக்கும் 13 கழிவு மேடுகளில் மிச்சத் தங்கம் எடுக்க ஒப்புதல் கொடுத்தது. அந்த மேடுகளில் எவ்வளவு தங்கம் மிச்சம் என்று நிறையக் கணக்குகள் சுற்றுகின்றன. கீழே இறங்கி வந்தவர்களின் நெஞ்சில் எவ்வளவு தூசி மிச்சம் என்ற கணக்கு அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்கப்படும் கேள்வி

இப்படிப்பட்ட நுரையீரல் ஒருநாள் திடீரென்று கைவிடும். ஒரு சாதாரணச் சளி, நிமோனியாவாகும். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரி, அங்கிருந்து கோலார், அங்கிருந்து பெங்களூரு. ஐசியு வாசலில் டாக்டர் மகனிடம் கேட்பார்: "டியூப் போடட்டுமா? சீக்கிரம் சொல்லுங்க."

அந்த நேரத்தில் 'வேண்டாம்' என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. சொன்னால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள், நாளைக்கு நம்மை நாமே என்ன கேட்போம் என்ற பயம். கையெழுத்துப் போட்டாகிவிடும். சிலிகோசிஸ் முற்றிய நுரையீரலை வென்டிலேட்டரில் ஏற்றுவது எளிது, இறக்குவது ரொம்பக் கடினம். பத்து நாளில் நகை போகும், பி.எஃப். பணம் போகும். கடைசியில் "நாங்களே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஆம்புலன்ஸ் ஏறுவார்கள். மருத்துவ ஆலோசனையை மீறிய டிஸ்சார்ஜ், ஆஸ்பத்திரி பாஷையில் 'லாமா'. பெரும்பாலும் அதோடு வலி மருந்து வராது, வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் வரமாட்டார், எந்தக் குறிப்பும் வராது. என்னைக் கேட்டால், இந்தக் கடைசிப் பயணம்தான் எல்லாவற்றிலும் மோசமானது. சிகிச்சையும் இல்லை, ஆறுதலும் இல்லை.

இதில் அப்பா என்ன விரும்பினார் என்று எந்த இடத்திலும் யாரும் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் அவர் இருந்தது ஆறு மாதம் முன்னால்.

பாலியேட்டிவ் கேர் என்றால் 'கைவிடுவது' இல்லையா?

இல்லை. தமிழ்நாடு அரசு இதை 'வலி நிவாரண மற்றும் ஆதரவு சிகிச்சை' என்கிறது. நோயைக் குணப்படுத்த முடியாவிட்டாலும் வலி, மூச்சுத்திணறல், புண், தூக்கமின்மை, பயம், வீட்டில் பார்த்துக்கொள்பவரின் களைப்பு என ஒவ்வொன்றுக்கும் செய்ய நிறைய இருக்கிறது. மற்ற சிகிச்சையோடு சேர்த்தே, நோய் தெரிந்த நாளில் இருந்தே தொடங்கலாம். கடைசி வாரத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

மூச்சுத்திணறலையே எடுத்துக்கொள்வோம். முன்னால் சாய்ந்து, மேசை மேல் தலையணை வைத்துக் கை ஊன்றி உட்காருவது ஒரு வழி. முகத்துக்கு நேரே சின்ன கை ஃபேன் காற்றுப் படுவது, கேட்கச் சாதாரணமாக இருந்தாலும், ஆய்வுகளில் பலன் தந்த முறை. இவற்றுக்கும் அடங்காவிட்டால், மருத்துவர் கண்காணிப்பில் மிகக் குறைந்த அளவு மார்ஃபின். வாய் வழியாகக் கொடுப்பது, விலை மலிவு.

மார்ஃபின் என்றதும் பயம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. 1985-ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்த பிறகு, பல உரிமங்கள் வாங்கும் தொல்லையில் ஆஸ்பத்திரிகள் அதை வைத்துக்கொள்வதையே விட்டன. மருத்துவப் பயன்பாடு பெரிதாகச் சரிந்தது. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் ஒரே அனுமதி போதும் என்றானது. அந்த அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை உங்களுக்கு அருகில் எது, அங்கே மாத்திரை கையிருப்பில் இருக்கிறதா என்று இப்போதே விசாரித்து வையுங்கள். அவசரத்தில் தேடக்கூடிய பொருள் இல்லை இது.

உலகம் முழுக்க ஆண்டுக்கு 5.68 கோடி பேருக்கு இந்தச் சிகிச்சை தேவை, அதில் சுமார் 14 சதவீதம் பேருக்கே கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

லிவிங் வில்லை எப்படி எழுதுவது?

2018 மார்ச் 9-ல் 'காமன் காஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் வாழும் உரிமையின் பகுதிதான் என்றது. ஆனால் அப்போது போட்ட நடைமுறை நடக்கிற காரியமாக இல்லை. மாஜிஸ்திரேட் முன்னால் போய்க் கையெழுத்து வாங்க வேண்டும் என்றால் யார் போவார்கள்? 2023 ஜனவரி 24-ல் அதை எளிதாக்கினார்கள்.

இப்போது 18 வயது நிரம்பிய, தெளிவான மனநிலையில் இருக்கும் யாரும் எழுதலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும். நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி சான்றளிக்க வேண்டும். உங்களால் பேச முடியாத நிலை வந்தால் உங்கள் சார்பில் முடிவெடுப்பவர்களின் பெயரும் அதில் இருக்க வேண்டும். கர்நாடகச் சுற்றறிக்கை இரண்டு பேரைக் குறிப்பிடச் சொல்கிறது. இன்ன மொழியில்தான் எழுத வேண்டும் என்று தீர்ப்பில் நிபந்தனை இல்லை. அப்பாவுக்குப் புரிகிற தமிழில் ஒன்று, பெங்களூரு ஐசியு டாக்டர் படிக்க ஆங்கிலத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வது நல்லது. கன்னடம் மட்டும் எழுதிய காகிதத்தில், படிக்கத் தெரியாத அப்பாவைக் கைநாட்டு வைக்கச் சொல்லாதீர்கள். அது அவர் விருப்பம் ஆகாது.

சொத்து உயிலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பேச முடிகிற வரை அவர் வாய்ச்சொல்தான் செல்லும், இந்தத் தாள் இல்லை. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்து செய்யலாம்.

தாளைக் காட்டியவுடன் டாக்டர் டியூபைப் பிடுங்கிவிடவும் மாட்டார். சிகிச்சை தரும் மருத்துவரும் ஐந்தாண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் கொண்ட முதல் குழு பார்க்க வேண்டும். பிறகு இரண்டாவது குழு. அதில் மாவட்ட சுகாதார அதிகாரி நியமிக்கும் மருத்துவர் ஒருவர் இருப்பார். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். முடிவை நடைமுறைப்படுத்தும் முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போக வேண்டும். எதுவும் எழுதி வைக்காதவருக்கும், குடும்பத்தின் சம்மதத்தோடு இதே இரண்டு குழு வழி உண்டு.

உத்தரவு தொடாத இடம்

மேலே சொன்ன எல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்குள் நடப்பவை. லைன் வீட்டின் ஒற்றை அறையில் படுத்திருப்பவருக்கு இந்தக் குழுக்கள் தேவையில்லை. வாரம் ஒருமுறை வந்து பார்க்கும் ஒரு நர்ஸ் போதும். சுற்றறிக்கையின் பெரிய குறையாக நான் பார்ப்பது இதைத்தான். கருவி வேண்டாம் என்று சொல்லும் உரிமையைச் சொன்னது, வேண்டாம் என்று சொன்னவர் வீட்டுக்குப் போனால் என்ன கிடைக்கும் என்று சொல்லவில்லை. மாற்று எதுவும் இல்லாதபோது ஏழைக் குடும்பத்திடம் 'உங்கள் விருப்பம் என்ன' என்று கேட்பதில் ஒரு அநியாயமும் இருக்கிறது. பணம் இல்லாததே விருப்பமாக எழுதப்பட்டுவிடலாம்.

கோலாரை ஒட்டிய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரையோடு வீட்டிலேயே வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் அதில் உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம், கர்நாடக அரசின் 'க்ருஹ ஆரோக்யா' 2024-ல் கோலார் மாவட்டத்தில்தான் முன்னோட்டமாக ஆரம்பமானது. அது முக்கியமாக நோயைக் கண்டறியும் திட்டம். புகையிலை மெல்லும் பழக்கத்தால் பெண்களிடம்கூட வாய்ப்புற்று அதிகம் காணப்படும் மாவட்டத்தில் அது அவசியம்தான். ஆனால் வீடு தேடி வருகிறவர்கள், முற்றிய நோயைக் கண்டுபிடித்தால் கையில் என்ன கொடுத்துவிட்டுப் போவார்கள்? இலவச ஹாஸ்பிஸ் என்றால் பெங்களூருவில் உள்ள கருணாஷ்ரயா. அங்கே போய்ச் சேரவும் தெரிந்திருக்க வேண்டும்.

கேரளம் இதை ஆஸ்பத்திரியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் ஆரம்பித்த வலி நிவாரண சங்கம், பிறகு அக்கம்பக்கத்துக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாகப் போகும் வலைப்பின்னலாக வளர்ந்தது. 2008-ல் மாநிலமே தனிக் கொள்கை கொண்டுவந்தது, உள்ளாட்சிகள் பணம் ஒதுக்கின. கர்நாடகத்துக்கும் 2016-ல் ஒரு கொள்கை வந்தது.

தங்கவயலில் ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது, சுரங்கத்தோடு மூடிக் கிடந்த கம்பெனி ஆஸ்பத்திரியை தன்னார்வலர்கள் கூட்டிப் பெருக்கிச் சிகிச்சை மையமாக மாற்றினார்கள். அதற்கு ஆன உழைப்பில் ஒரு பங்கு இருந்தால் ஐந்தாறு தெருவுக்கு ஒரு வீட்டுப் பராமரிப்புக் குழு அமைக்கலாம். அதற்குப் பயிற்சி, ஒரு நர்ஸ், மார்ஃபின் அனுமதியுள்ள ஒரு மருத்துவமனை, இந்த மூன்றையும் மாவட்ட நிர்வாகம் தர வேண்டும்.

அதுவரை, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும்போது ஆரம்பிக்கலாம். 'லிவிங் வில்' என்றெல்லாம் தொடங்க வேண்டாம். "அப்பா, திரும்ப மூச்சு ரொம்ப வாங்கினா, பெங்களூரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணுமா, இல்ல வீட்லயே இருந்து பார்த்துக்கணுமா? உங்களுக்கு எது சரின்னு படுது?" என்று கேளுங்கள். அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும். முதல் தடவை "அதெல்லாம் இப்ப எதுக்குடா" என்றுதான் பதில் வரும். விட்டுவிட்டு, இன்னொரு நாள் கேளுங்கள். அவர் சொல்வதைத் தேதியோடு எழுதி வையுங்கள். நோட்டரியிடம் பிறகு போகலாம்.