தேனீயும் தீட்டும்

கோயில் கோபுரத்தில் கூடு கட்டியிருக்கும் மலைத்தேனீக்கள் திருவிழாக் கூட்டத்தைக் கொட்டிவிட்டால், வைதீகர்கள் உடனே சொல்லுவது என்ன? "யாரோ தீட்டோடு வந்துவிட்டார்கள், சாமிக்குக் கோபம் வந்துவிட்டது" என்பதுதான். பிறகு குற்றவாளியைத் தேடுவார்கள். அகப்படுவது யார்? மாதவிலக்கான ஒரு பெண்ணாகவோ, சேரியிலிருந்து வந்த ஒரு தோழராகவோதான் இருக்கும். இதுவரையில் எந்தத் தர்மகர்த்தாவின் தீட்டாலாவது, எந்த அர்ச்சகரின் தீட்டாலாவது தேனீ கொட்டியதாக யாராவது கேட்டதுண்டா?

உண்மைச் சங்கதி என்னவென்றால், தேனீக்கு வாசனையும் ஒரு பாஷையாகும். ஒரு தேனீ நம்மைக் கொட்டியவுடன் அதன் கொடுக்கு தோலிலேயே தங்கிவிடுகிறது. அதிலிருந்து ஒரு வாசனைப் பொருள் கிளம்புகிறது. மேல்நாட்டுத் தேனீயின் கொடுக்கில் இதை ஆராய்ந்தவர்கள் 1962-ல் அது ஐசோபென்டைல் அசிடேட் என்று கண்டார்கள். நம் மலைத்தேனீயின் கொடுக்கிலும் அது உண்டு. வாழைப்பழத்தின் மணத்தில் இருப்பதும் அதே பொருள்தான். நமக்கு வாழைப்பழமாக மணப்பது தேனீக்கு, "எதிரி இங்கே இருக்கிறான், வந்து கொட்டு" என்னும் தாக்கீதாகிறது. ஒன்று கொட்டிய ஆளையே நூறு வந்து கொட்டுவது இதனால்தான். ஒரே இனத்துப் பிராணிகள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லும் இப்பேர்ப்பட்ட பொருள்களுக்கு 1959-ல் பெரோமோன் என்று பெயர் வைத்தார்கள்.

தேன் எடுக்கிறவர் புகை போடுவது எதற்கு? புகை பட்ட தேனீயின் உணர்கொம்புக்கு அந்த வாசனை சரியாக எட்டுவதில்லை என்பதும் ஒரு காரணம். அவர் மந்திரம் ஜெபித்தா தேன் எடுக்கிறார்?

நிற்க, "தேனீயும் அந்நியத் தேனீயைக் கூட்டுக்குள் விடுவதில்லையே! ஆகவே தீட்டு என்பது இயற்கைதானே" என்று சில புத்திசாலிகள் கேட்கக்கூடும். பெட்டித் தேனீயின் வாசலில் காவல் தேனீக்கள் நின்று மோந்து பார்ப்பது மெய்தான். ஆனால், அந்த வாசனை பெரும்பாலும் கூட்டின் மெழுகிலிருந்து ஒட்டிக்கொண்டது. அன்று பிறந்த குஞ்சுத் தேனீயை வேறு கூட்டில் கொண்டுபோய் விட்டால், அங்கே அதைச் சேர்த்துக்கொள்ளுகிறார்கள். சில காலம் கழிந்தால் அதுவும் அந்தக் கூட்டு வாசனையே வீசும். அதாவது, பிறப்பால் தீட்டு என்னும் அக்கிரமம் தேனீயிடத்தில் இல்லை! வழி தவறி வந்த தேனீயானாலும் வயிறு நிறைய மது கொண்டுவந்தால் காவலர் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தேனீ நம் புரோகிதரைப் போன்றதுதான். தட்சணையைக் கண்டால் தீட்டுப் போய்விடும்.

தோழர்களே! இது வெறும் வேடிக்கைப் பேச்சல்ல. தேனீ கொட்டும்போது சாமியை வேண்டி அங்கேயே நிற்கிறவர் மேலும் மேலும் கொட்டுப்படுவார். உயிர் போனாலும் போகும். ஆகவே, முகத்தை மூடிக்கொண்டு ஓடி, கதவுள்ள இடத்துக்குள் புகுங்கள். கொடுக்கைத் தாமதமில்லாமல் சுரண்டி எறிந்து, அந்த இடத்தைக் கழுவுங்கள். நிறையக் கொட்டுப்பட்டவரையும், மூச்சுத் திணறுகிறவரையும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பரிகாரம் செய்கிறேன் என்று வருகிறவரிடம் ஒப்படைக்காதீர்கள். கூடு இருக்கும் இடத்தில் வாணவெடி வேண்டாம் என்று விழா நடத்துகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

தேனீ ஜாதி பார்த்துக் கொட்டுவதில்லை. கொட்டுப்பட்ட பிறகு ஜாதி பார்த்துப் பழி போடுகிறவன் மனிதன்தான். கொடுக்கின் விஷத்துக்கு வைத்தியம் இருக்கிறது. இந்த விஷத்துக்குப் பகுத்தறிவைத் தவிர வேறு மருந்து ஏது?