முட்டுக்காட்டுக்கு மண்டபம், கோமுகிக்கு என்ன?

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம், உப்பங்கழியைப் பார்த்தாற்போல ஒரு பிரம்மாண்ட மாநாட்டு மண்டபத்துக்கு 2025-ம் ஆண்டு அடிக்கல் நாட்டினார்கள். கலைஞர் பன்னாட்டு அரங்கம் என்று பெயர். ஏறத்தாழ 38 ஏக்கர் இடம். 525 கோடி ரூபாய் திட்டம். ஆயிரக்கணக்கானவர்கள் உட்காரும் அரங்கம், பொருட்காட்சிக் கூடம், எல்லாம் உண்டு.

"நம்ம கள்ளக்குறிச்சிக்கும் இது மாதிரி ஒண்ணு வந்தா ஊர் முன்னேறுமே! ஆறுதான் இருக்கே, கரையில கட்டலாமே!" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

கேட்பதில் தப்பில்லை. 2019 நவம்பர் 26-ந்தேதி பிறந்த மாவட்டம் இது. புது மாவட்டம் என்றால் புதுக் கட்டிடங்கள் வரத்தான் செய்யும். ஆனால் எதைக் கட்டுவது, எங்கே கட்டுவது என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

தண்ணீர் ஓரம் மாநாட்டு மண்டபம் கட்டி ஊரைத் தூக்கி நிறுத்துவது என்பது வெளிநாட்டு யோசனை. அமெரிக்காவில் பால்டிமோர் என்று ஒரு துறைமுக நகரம். ஆலைகள் மூடி, துறைமுகம் படுத்து, ஊர் காலியாகிக்கொண்டிருந்தது. துறைமுகக் கரையைச் சீர்படுத்தினார்கள். 1979-ல் மாநாட்டு மண்டபம் திறந்தார்கள். அடுத்த வருஷம் கடை வீதி, அதற்கடுத்த வருஷம் மீன் காட்சி சாலை. உலகமே வந்து பார்த்துவிட்டு, "எங்க ஊருக்கும் இதே மாதிரி!" என்று கிளம்பியது.

நடந்தது என்ன? கரை பளபளத்தது. ஊர் இளைத்தது. 1980-ல் அந்த நகரின் ஜனத்தொகை 7 லட்சத்து 86 ஆயிரம். 2020-ல் 5 லட்சத்து 85 ஆயிரம்! மண்டபம்தான் ஜனங்களை விரட்டியது என்று சொல்லவில்லை. மண்டபம் வந்தும் அவர்கள் போவது நிற்கவில்லை, அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவில் சிட்னிக்காரர்கள் 1988-ல் துறைமுகக் கரையில் ஒரு மண்டபம் திறந்தார்கள். இருபத்தைந்து வருஷம் ஓடியது. போதவில்லை என்று இடித்துத் தள்ளிவிட்டு, 2016-ல் வேறொன்று திறந்தார்கள். பணக்கார நாடு, தாங்கும். நாம் தாங்குவோமா?

அகமதாபாத் கதை நமக்கு இன்னும் பக்கம். 2005-ல் சபர்மதி ஆற்றங்கரையைக் கட்டி அழகுபடுத்தும் வேலை ஆரம்பித்தது. இன்று பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கரையில் குடிசை போட்டுப் பிழைத்த பல்லாயிரம் குடும்பங்களை அப்புறப்படுத்தினார்கள். ஊர்க்கோடியில் வீடு கொடுத்தார்கள். வேலை செய்த இடம் ஒரு மூலை, வீடு இன்னொரு மூலை. பஸ் சார்ஜுக்கே கூலி போனால் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்?

மாநாட்டு மண்டபத்தின் கணக்கு கல்யாண மண்டபத்துக் கணக்கு இல்லை. வாடகையில் மட்டும் லாபம் வருவது கஷ்டம். வெளியூர்க்காரர்கள் வந்து, ஓட்டலில் தங்கி, டாக்சி பிடித்து, சாமான் வாங்கிப் போனால்தான் ஊருக்கு வரும்படி. அதற்கு விமானம் வேணும், ரயில் வேணும், நாலு பெரிய ஓட்டல் வேணும். சென்னைக்கு அதெல்லாம் இருக்கிறது. நமக்கு? சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வெறும் 16 கிலோமீட்டர் ரயில் பாதை போட எத்தனை வருஷம் இழுத்தார்கள் என்பது ஊரறிந்த கதை.

முட்டுக்காட்டிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்பில் தேங்கும் மழைத் தண்ணீர் ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து கடலில் சேர்வது அந்தக் கழிமுகத்தில்தான். தென்சென்னைக்கு வடிகால் வாசலே அது. அந்த உப்பங்கழியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையாலேயே இறால் தடவிப் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்கள் உண்டு. மண்டபம் கட்டுங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வாசலை அடைக்காதீர்கள், இறால் பிடிப்பவரை விரட்டாதீர்கள்.

இப்போது நம் ஆற்றுக்கு வருவோம்.

கல்வராயன் மலையில் பெய்கிற மழை கல்படை, பொட்டியம் ஓடைகளாக இறங்கி, கச்சிராயபாளையம் பக்கத்தில் 1965-ல் கட்டிய கோமுகி அணையில் சேருகிறது. அணையின் உயரம் 46 அடி. அங்கிருந்து வயலுக்குப் பாய்ந்தது போக மிச்சம்தான் கள்ளக்குறிச்சி பக்கம் வருகிறது. மலையில் சுத்தமாகப் புறப்படும் தண்ணீர் நகரத்தருகே வந்ததும் என்ன கதி ஆகிறது? சாக்கடை கலக்குது, குப்பை கொட்டுறாங்க என்ற புகார் நேற்று முந்தாநாள் வந்தது இல்லை.

அந்தக் கரையை 2024 ஜூன் மாதம் நாடே பார்த்தது. மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். கருணாபுரத்தில் வீட்டுக்கு வீடு ஒப்பாரி. கோமுகி ஆற்றங்கரையில் வரிசையாகச் சிதை அடுக்கினார்கள். நம் ஊர் ஆற்றங்கரை தலைப்புச் செய்தியில் வந்தது அப்படித்தான்!

அதன் பிறகுதான் கல்வராயன் மலை ஜனங்களின் நிலைமையை சென்னை ஐகோர்ட்டு தானாகவே கையில் எடுத்தது. ரோடு உண்டா, பஸ் உண்டா, ஆஸ்பத்திரி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை அது. மலை கைமாறி அரை நூற்றாண்டு ஆகப்போகும் நேரத்தில் கோர்ட்டு ரோடு கேட்க வேண்டி வந்ததென்றால், எது முதல் வேலை என்று சொல்லவும் வேணுமா?

இவ்வளவு சொன்னதால் கள்ளக்குறிச்சிக்கு மண்டபமே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. வேணும், நிச்சயம் வேணும். ஆனால் மாநாட்டுப் பிரதிநிதிகளுக்காக இல்லை.

நம் மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், தியாகதுருகம் பக்கத்துத் தச்சர்கள் செதுக்கிய சாமி சிலையும் கதவும் எங்கெங்கோ போகின்றன. அவர்கள் பேரும் விலையும் போட்டு, வாங்குபவர் நேரில் வந்து பார்க்க, வருஷம் பூரா திறந்திருக்கும் இடம் ஒன்று வேண்டாமா? மலையிலிருந்து சாமை, தினை, தேன், கடுக்காய், புளி என்று தலைச்சுமையாகக் கொண்டுவருகிறவர்கள் தரகர் சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டுப் போகாமல், இரண்டு நாள் சரக்கை வைத்துப் பேரம் பேச ஒரு கூடம் வேண்டாமா? விவசாயிகள் கூட்டம் போடவும், ஏழை வீட்டுக் கல்யாணம் நடத்தவும், பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கவும் அதே கூடம் ஆகும். அதற்கு 525 கோடி தேவையில்லை.

எங்கே கட்டுவது? பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், மேடான இடத்தில். ஆற்றுப் புறம்போக்கில் கூடவே கூடாது. 2024 டிசம்பரில் பெஞ்சல் புயலில் இந்த மாவட்டம் பட்ட பாட்டை அதற்குள் மறந்துவிட முடியுமா? தென்பெண்ணை ஊருக்குள் புகுந்ததைப் பார்த்த பிறகும் கோமுகிக்குள் தூண் நடலாம் என்று யாராவது பிளான் போட்டால், அவரை ஐப்பசி மாதம் அந்தக் கரையில் ஒரு ராத்திரி தங்கச் சொல்ல வேண்டும்.

கோயில் நிலத்திலும் கை வைக்க வேண்டாம். வீரசோழபுரத்தில் கலெக்டர் ஆபீசுக்கு இடம் எடுத்தது கோர்ட்டு வரை போனது போதும்.

ஆற்றங்கரைக்கு வேண்டியது கட்டிடம் இல்லை. ஆற்றை அளந்து எல்லைக் கல் போட வேணும். சாக்கடையைச் சுத்திகரித்துவிட்டு விட வேணும். குப்பை வண்டி கரைப் பக்கம் திரும்பாமல் பார்க்க வேணும். கரையில் ஏற்கெனவே குடியிருப்பவர்களை மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், அவர்கள் வேலை பார்க்கிற ஊருக்குள்ளேயே பட்டாவோடு இடம் கொடுத்துவிட்டுப் பிறகு மாற்ற வேணும்.

சங்கடம் என்னவென்றால், மண்டபம் கட்டினால் திறப்பு விழா உண்டு, கல்வெட்டில் பேர் உண்டு. சாக்கடையை நிறுத்தினால் ரிப்பன் வெட்ட இடமில்லை!

முனிசிபாலிட்டியும் நீர்வளத்துறையும் ஆளுக்கொரு பக்கம் கை காட்டாமல், அடுத்த மழைக்கு முன்னால் நகர எல்லைக்குள் ஆற்றை அளந்து முடிக்கட்டும். எந்தெந்த இடத்தில் சாக்கடை விழுகிறது என்ற பட்டியலை முனிசிபல் ஆபீஸ் வாசலில் ஒட்டட்டும். ஒரு சர்வேயர், ஒரு சங்கிலி, நாலு ஆள். ஒட்டும் தேதியைக் கலெக்டர் சொல்வாரா?