பிரிப்பதற்கு அஞ்ச வேண்டாம்

 

என்னிடம் ஓத வரும் மாணவி ஒருத்தி, சில மாதங்களுக்கு முன் ஒரு பை நிறைய நூலைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். அக்காளின் நிக்காஹ்வுக்குப் பரிசாகச் சால்வை பின்ன வாங்கிய நூல் அது. அதுவரை அவள் பின்னியவை கழுத்துத் துண்டுகள் இரண்டு மட்டுமே. இப்போது எடுத்ததோ இலையும் பூவும் துவாரங்களுமாக அமைந்த நுணுக்கமான சால்வை. பத்து வரிசைகளுக்குள் கண்ணிகள் நழுவின. எங்கே தவறியது என்று அவளுக்குப் புலப்படவில்லை. இருமுறை அடியோடு அவிழ்த்துத் தொடங்கினாள். மூன்றாம் முறை பையில் திணித்துவிட்டாள்.

"எனக்கு எதுவுமே கைவராது" என்றாள். அந்த 'எதுவுமே' என்ற சொல்தான் என்னைக் கவலைக்குள்ளாக்கியது. ஏனெனில் அதே வாரத்தில் யாஸீன் சூராவை மனனம் செய்வதையும் பாதியில் நிறுத்தியிருந்தாள். நூலில் ஏற்பட்ட தோல்வி ஓதலிலும் வந்து அமர்ந்துகொண்டது.

அவள் கையில் குறையில்லை. தேர்ந்தெடுத்த முறையில்தான் குறை. கைவேலையைத் தேர்ந்தெடுப்பதில் நம்மவர்கள் இருவகையாகத் தவறுகின்றனர். சிலர் கற்ற ஒரே பின்னலை இருபது ஆண்டுகளாகப் பின்னிக்கொண்டிருப்பர். கை ஓடும்; ஆனால் வளராது. வேறு சிலர் முதற்படியில் நின்றுகொண்டு பத்தாம் படிக்குத் தாவுவர். விழுந்தபின் படியையே வெறுத்துவிடுவர்.

இதற்கு நல்வழியைக் காட்ட நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நம் கூரம், பட்டுத் தறிகளுக்குப் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தை அடுத்த ஊர். உடலும் கரையும் வெவ்வேறு வண்ணமாக அமையும் கோர்வைப் புடவையை நெய்ய மூன்று நாடாக்கள் வேண்டும். உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். தொழில் கற்க வருபவர் முதல் நாளே இதில் கைவைப்பதில்லை. தார் சுற்றிப் பழகுவார். பின்பு தேர்ந்த நெசவாளரின் பக்கத்தில் அமர்ந்து ஒரு கரையின் நாடாவை மட்டும் ஓட்டித் தருவார். அதன் பின்னரே முழுத் தறியும் அவர் கைக்கு வரும். ஒவ்வொரு படியிலும் புதிதாகச் சேரும் கடினம் ஒன்றே ஒன்றுதான்.

பின்னலுக்கும் இதுவே விதி. உங்கள் திறமையைச் சோதிக்கும் வேலையை எடுங்கள். ஆனால் அதில் உங்களுக்குப் புதியது ஒன்று மட்டும் இருக்கட்டும். நூல் புதிதென்றால் பின்னல் பழையதாக இருக்கட்டும். பின்னல் புதிதென்றால் பழகிய நூலையும் பழகிய ஊசியையும் எடுங்கள்.

அந்த மாணவிக்குச் சால்வையை ஒத்திவைக்கச் சொன்னேன். அதற்குப் பதிலாக, அக்காளுக்குத் திருக்குர்ஆன் உறை ஒன்று பின்னுவதென முடிவாயிற்று. புதிய பாடம், துவாரம் விடுவது மட்டுமே. நூலை ஊசிமேல் ஒருமுறை சுற்றிக்கொண்டு, அடுத்த இரு கண்ணிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பின்னினால் ஒரு துவாரம் விழும். சுற்றியதால் ஒரு கண்ணி கூடும், சேர்த்ததால் ஒன்று குறையும், எண்ணிக்கை மாறாது. ஆகவே வரிசையின் முடிவில் கண்ணிகளை எண்ணினாலே தவறு தெரிந்துவிடும். சால்வையில் அவள் எண்ணாமல் போனதே முதற்பிழை.

வேலையைத் தொடங்குமுன் அதே நூலில் சிறு மாதிரித் துண்டு ஒன்று பின்னச் செய்தேன். 4 அங்குலத்தில் 20 கண்ணிகள் வந்தன. அங்குலத்திற்கு 5, எனவே 10 அங்குல அகலத்திற்கு 50 கண்ணிகள். மாதிரித் துண்டு பின்னுவதைக் காலவிரயம் என்று எண்ணுவோர் உண்டு. அளவு தவறிய உறையை முழுதும் பிரிப்பதே பெருங்காலவிரயம்.

இன்னோர் உபாயமும் உண்டு. பிழையின்றி முடிந்த ஒவ்வொரு பத்தாம் வரிசையிலும், ஊசியில் நிற்கும் எல்லாக் கண்ணிகளின் ஊடாகவும் வேறு வண்ண நூல் ஒன்றைத் தையல் ஊசியால் கோத்து விட்டுவிட வேண்டும். பின்னர்த் தவறு நேர்ந்தால் அந்த நூல் வரை மட்டும் பிரித்தால் போதும். அங்கே கண்ணிகள் நழுவாமல் நிற்கும். வேலை முடிந்ததும் அந்நூலை உருவிவிடலாம்.

இக்கலை நமக்கு அந்நியமானதன்று. இன்று உலகில் எஞ்சியுள்ள மிகப் பழைய பின்னல்களுள், இஸ்லாமிய ஆட்சிக் காலத்து எகிப்தில் பருத்தி நூலால் பின்னப்பட்ட நீலமும் வெள்ளையுமான காலுறைகள் இடம்பெறுகின்றன. ஸ்பெயினின் புர்கோஸ் நகரில், 1275இல் மறைந்த இளவரசர் ஃபெர்னாந்தோ தெ லா செர்தாவின் கல்லறையில் பட்டு நூலால் பின்னிய திண்டு உறை ஒன்று கிடைத்தது. அதில் 'பரகத்' என்னும் சொல் கூஃபி எழுத்தில் பின்னப்பட்டுள்ளது. அங்குலத்திற்குச் சுமார் 20 கண்ணிகள்! முஸ்லிம் கைவினைஞர்களின் வேலை அது என்பது ஆய்வாளர் கருத்து. நம் மாணவியின் 5 கண்ணியிலிருந்து அந்த 20 கண்ணிக்குப் போகும் பாதையிலும் படிகள் ஒவ்வொன்றாகத்தான் இருந்திருக்கும்.

பிரிப்பதைப் பற்றிப் பேசும்போது திருமறையின் 'அந்நஹ்ல்' அத்தியாயத்து 92ஆம் வசனம் நினைவுக்கு வருகிறது. உறுதிமொழியை முறிப்போருக்கு அங்கே அல்லாஹ் காட்டும் உவமை, உறுதியாக நூற்ற நூலைத் தானே சிதைத்துவிடும் பெண். "நானும் அப்படித்தானே பிரிக்கிறேன்?" என்று மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அப்பெண் வலுவாக அமைந்த ஒன்றை வீணே சிதைத்தாள். நாமோ பிழையை நீக்கிச் சரியாகப் பின்னுவதற்காகப் பிரிக்கிறோம். பிரித்து மீண்டும் பின்னுபவர் எடுத்த காரியத்தைக் காக்கிறார். பையில் திணித்து மறந்துவிடுவதற்கே நாம் அஞ்ச வேண்டும்.

ஓதுவதிலும் அவ்வாறே. மனனம் செய்பவர் ஒரு வசனத்தில் தடுமாறினால் சூராவையே கைவிடுவதில்லை. பிழையின்றி ஓதிய இடம் வரை திரும்பிச் சென்று, அங்கிருந்து தொடர்கிறார். யாஸீனின் 83 வசனங்களையும் பத்துப் பத்தாகப் பகுத்து, ஒவ்வொரு பத்தின் முடிவிலும் அடையாளமிட்டுக்கொள்ளச் சொன்னேன். குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை புகாரி, முஸ்லிம் நூல்களில் காண்கிறோம்.

உறை நிக்காஹ்வுக்கு முந்தைய இரவில் முடிந்தது. நான்கு முறை வண்ண நூல் வரை பிரித்திருக்கிறாள். ஓர் ஓரம் சற்றே இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அக்காள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. யாஸீனில் அறுபதாம் வசனத்தைக் கடந்துவிட்டாள். சால்வை நூல் இன்னும் பையில்தான் இருக்கிறது. ஆனால் இப்போது அந்தப் பையைப் பார்த்து அவள் முகம் வாடுவதில்லை. "அடுத்த ஆண்டு, இன்ஷா அல்லாஹ்" என்கிறாள்.

சகோதரிகளே! உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படியொரு பை இருக்கக்கூடும். அதை இறக்கிப் பாருங்கள். அது உங்களுக்கு எத்தனையாவது படி என்று நேர்மையாக எண்ணிப் பாருங்கள். அதற்கு முந்தைய படியை இன்றே தொடங்குங்கள். நம் கரங்களின் உழைப்பிலும் நம் பிள்ளைகளின் கல்வியிலும் வல்ல நாயன் பரகத் செய்வானாக! ஆமீன்.