ஆட்டுக்கு முன் சந்தை

கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று வத்தலக்குண்டில் வசிக்கும் என்னிடம், முன்னாள் மாணவர்கள் சிலர் அண்மைக்காலமாக ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். "அங்கோரா வெள்ளாடு வளர்த்து, அதன் ரோமத்தை விற்றே பெரும் வருமானம் ஈட்டலாமா?" நகையை அடகு வைத்தேனும் தொடங்கிவிட வேண்டும் என்ற துடிப்பு அவர்களிடம் தெரிகிறது. எனக்கோ 2012-இல் பெருந்துறைப் பகுதியில் சரிந்த ஈமு பண்ணைகள்தாம் நினைவுக்கு வருகின்றன. அங்கே பறவைகள் இருந்தன. அவற்றை வாங்கும் உண்மையான சந்தை இருக்கவில்லை.

அங்கோரா ஆட்டின் பூர்விகம் துருக்கி. அதன் ரோமமான 'மொகேர்' உலகச் சந்தைக்கு வருவதில் ஏறத்தாழ பாதி தென்னாப்பிரிக்காவில் உற்பத்தியாகிறது. ஆண்டுக்கு இருமுறை ரோமம் கத்தரிக்கப்படுகிறது. குட்டியின் ரோமமே மிக மென்மையானது. வயது ஏற ஏற இழை தடித்து, விலை இறங்கும். எனவே இழையின் பருமன், நீளம், தூய்மை ஆகியவற்றின்படி தரம் பிரித்து ஏலத்தில் விற்கின்றனர். அந்நாட்டு விவசாயியின் வருமானத்தைத் தாங்கி நிற்பது இந்த ஏற்பாடே.

நமக்கான பாடம் நம் மாவட்டத்திலேயே உள்ளது. கொடைக்கானல் மேல்மலையிலுள்ள மன்னவனூரில், மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இயங்கி வருகிறது. ஆடை நெய்யத் தகுந்த மெல்லிய கம்பளி தரும் 'பாரத் மெரினோ' ஆடுகள் அங்கே வளர்க்கப்படுகின்றன. குளிர், புல்வெளி, நல்ல இனம், விஞ்ஞானிகள் என எல்லாம் இருந்தும், அரை நூற்றாண்டுக்குப் பிறகும் மேல்மலைக் குடும்பங்கள் பூண்டையும் உருளைக்கிழங்கையும் கேரட்டையுமே நம்பியிருக்கின்றன.

காரணம் எளியது. பத்து ஆடுகள் வைத்திருக்கும் குடும்பத்திடம் சில கிலோ கம்பளியே சேரும். அதற்காக எந்த வியாபாரியும் மலையேற மாட்டார். முரட்டுக் கம்பளியும் மெல்லிய கம்பளியும் ஒரே சாக்கில் கலந்தால், முரட்டுக் கம்பளியின் விலையே கிடைக்கும். விவசாயி குட்டியை இறைச்சிக்கு விற்பதே ஆதாயம் என்று முடிவு செய்கிறார். அது அறியாமையன்று, சரியான கணக்கு.

பாலில் இந்தச் சிக்கலை நாம் தீர்த்திருக்கிறோம். ஒரு மாடு வைத்திருப்பவரும் சங்கத்தில் இரண்டு லிட்டர் ஊற்ற முடிகிறது. கொழுப்புச் சத்தும் இதரச் சத்தும் அளந்து விலை தரப்படுகிறது. தரத்துக்கு விலை கிடைப்பதால்தான் நல்ல தீவனத்துக்குச் செலவிட மனம் வருகிறது. கம்பளிக்கும் இதுவே தேவை: மேல்மலைக் கிராமங்களுக்குப் பொதுவான கத்தரிப்பு நாள், இழையின் பருமனை அளக்கும் வசதி, உற்பத்தியாளர் குழுவின் வழியே மொத்த விற்பனை. மன்னவனூர் மையத்தின் அனுபவத்தை வைத்து அரசு இதைச் சிறிய அளவில் சோதித்துப் பார்க்கலாம்.

அதுவரை, ஆட்டின் விலையை விசாரிக்கும் என் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அதன் ரோமத்தை யார், எந்த அளவுகோலில், என்ன விலைக்கு வாங்குவார் என்று முதலில் விசாரியுங்கள். பதில் கிடைக்கும்வரை நகை வீட்டிலேயே இருக்கட்டும்.