பாகான் செராயில் நான்கு நாள்

நம் மன்றத்தின் ஆண்டுச் சுற்றுலா எப்படி நடக்கும் என்பதை இவ்விதழைப் படிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு நூலக வாசலில் கூட வேண்டும் என்பார்கள். பேருந்து ஆறரைக்குப் புறப்படும். நாற்பது பேர், இரண்டு நாள், ஏழு இடம். ஓர் இடத்திற்கு நாற்பது நிமிடம். அதில் கால் மணி நேரம் கழிப்பறை வரிசையில் போய்விடும், மீதி நேரம் பதாகையைப் பிடித்துக் குழுப்படம் எடுப்பதில் போய்விடும். மூன்றாண்டுகள் நானும் அப்படித்தான் போய் வந்தேன். அவற்றுள் ஓராண்டு அந்த அட்டவணையைத் தயாரித்தவனே நான்தான் என்பதையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

அந்த ஆண்டு அட்டவணையில் ஒரு நெல்வயலும் இருந்தது. பேருந்து சாலையோரம் நின்றது. இறங்கினோம், வரப்பில் வரிசையாக நின்றோம், படம் பிடித்தோம், ஏறினோம். இருபது நிமிடம். அது எந்த ஊர் என்று இன்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இது பெரிய குற்றமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படி நினைக்கவில்லை, ஒரு பொங்கல் விழா வரும் வரையில். மண்டபத்து மேடையை அலங்கரிக்க எங்கிருந்தோ ஒரு கட்டு நெற்கதிர் வாங்கி வந்திருந்தோம். பேச்சாளர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து உழவு அதிகாரத்தின் குறட்பாக்களை முழங்கிவிட்டுப் போனார்கள். முதலாமாண்டு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "அண்ணா, இந்த நெல்லு நம்ம நாட்டுல விளைஞ்சதா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. செயற்குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை. விழா முடிந்ததும் அந்தக் கட்டு குப்பைத் தொட்டிக்குப் போயிற்று.

பிறகு 2023ஆம் ஆண்டு வந்தது. அந்தச் செப்டம்பரில் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலை ஏற, எல்லாரும் உள்ளூர் அரிசியைத் தேடி ஓட, கடைத் தட்டுகளில் உள்ளூர் அரிசியே இல்லாமற் போனதை நாம் பார்த்தோம். நாட்டின் தேவையில் பாதிக்குச் சற்று மேல்தான் இங்கே விளைகிறது என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. அந்தப் பாதி எங்கே விளைகிறது, யார் விளைவிக்கிறார்கள்? அந்த மாணவியின் கேள்வி மறுபடியும் என் முன்னால் வந்து நின்றது. வேலைக்குச் சேர்ந்தபின் கிடைத்த முதல் நீண்ட விடுமுறையில் பாகான் செராய்க்குப் போனேன். தனியாக, நான்கு நாள், வேறெந்த ஊருக்கும் போவதில்லை என்ற முடிவோடு.

பேராக் மாநிலத்தின் வடமேற்கில், கிரியான் மாவட்டத்தில் இருக்கிறது பாகான் செராய். தைப்பிங்கில் இறங்கிக் கொமுட்டர் ரயிலில் மாறினேன். கமுந்திங்கைத் தாண்டிச் சற்று நேரத்தில் ரயில் ஓர் ஏரியின் நடுவே போகிறது. அதுதான் புக்கிட் மேரா. இயற்கை ஏரி என்றுதான் நான் நினைத்திருந்தேன். குராவ் ஆற்றை மறித்து 1906இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம் அது. நாட்டின் முதல் பெரிய நீர்ப்பாசனத் திட்டம் கிரியானில்தான் தொடங்கியது. இன்றும் இருபதாயிரம் ஹெக்டருக்கு மேற்பட்ட வயலுக்கு அங்கிருந்துதான் தண்ணீர் போகிறது. எத்தனை முறை பினாங்குக்குப் போகும் வழியில் அந்த ஏரியைத் தூங்கிக்கொண்டே கடந்திருப்பேன்!

போய் இறங்கிய முதல் நாள் எனக்குப் பெருத்த ஏமாற்றம். நாட்காட்டியில் பார்க்கும் பச்சை வயல் எங்குமே இல்லை. அறுவடை முடிந்து உழுது போட்டிருந்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் சேறும் கலங்கல் தண்ணீரும்தான். கடைத்தெருவைச் சுற்றி வர அரை மணி நேரம் போதுமானதாயிருந்தது. ரயில் நிலையம், சந்தை, வரிசையாகக் கடைவீடுகள், நான்கைந்து சாப்பாட்டுக் கடைகள். மாலை ஐந்து மணிக்கே மறுநாள் ரயில் நேரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். பேருந்துச் சுற்றுலாவாயிருந்தால் என் பாகான் செராய் அத்துடன் முடிந்திருக்கும். "ஒன்றுமில்லாத ஊர்" என்று மற்றவர்களிடம் சொல்லியும் இருப்பேன்.

இரவு தேநீர் குடிக்கப் போன ஒட்டுக்கடையில் கடைக்காரர் கேட்டார்: "தம்பி யாரைப் பார்க்க வந்தீங்க?"

"யாரையும் இல்லண்ணே. சும்மா ஊரைப் பார்க்கலாம்னு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நிலம் வாங்க வந்தவனாகவோ கடன் வசூலிக்க வந்தவனாகவோ நினைத்திருக்க வேண்டும். பக்கத்து மேசையில் இருந்த பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த மலாய் எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. எனக்கு மலாய் வராது என்று யாரும் சொல்ல முடியாது. எஸ்பிஎம்மில் ஏ வாங்கியவன் நான். கேட்டபோதுதான் தெரிந்தது, அது பஞ்சார் மொழியாம். தென் கலிமந்தானிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி வந்து குடியேறி, இந்தச் சதுப்பு நிலத்தை வயலாக்கியவர்களின் பேரப் பிள்ளைகள் அவர்கள். நம் கடைக்காரர் அவர்களுக்குப் பஞ்சாரிலேயே பதில் சொல்லிச் சில்லறை கொடுத்தார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் மட்டும்தான் வாய்பிளந்து பார்த்தேன்.

இரண்டாம் நாள் காலை வயல் பக்கம் நடந்தேன். கால்வாயின் சிமெண்டுச் சுவரிலும் நாணல் தண்டுகளிலும் இளஞ்சிவப்பு நிறத்தில் கொத்துக் கொத்தாக ஏதோ ஒட்டியிருந்தது. பூவென்று நினைத்து நெருக்கமாகப் படம் எடுத்தேன். அதை இன்னும் நன்றாக எடுக்க வேண்டுமென்று ஒரு வரப்பின் மேலும் ஏறினேன். அடுத்த கணம் தூரத்திலிருந்து ஓர் அதட்டல். மோட்டாரில் வந்த மலாய்ப் பெரியவர் என்னைக் கீழே இறங்கச் சொன்னார். முதல் நாள்தான் மண் வைத்து அணைத்த வரப்பாம். நான் நின்ற இடம் ஒரு சாண் அமுங்கியிருந்தது. அவருடைய மண்வெட்டியை வாங்கி நானே அதைச் சரி செய்ய முயன்றேன். நான் செய்ததை அவர் மறுபடியும் செய்தார்.

அந்தப் பூக்கள் தங்க நத்தையின் முட்டைகள் என்று அவர்தான் சொன்னார். தென்னமெரிக்காவிலிருந்து வந்த நத்தை. 1990களின் தொடக்கத்தில் நம் நாட்டு வயல்களில் தலைகாட்டியது. இளநாற்றை ஒரே இரவில் அறுத்துத் தின்றுவிடும். ஆகவே நாற்று சிறியதாக இருக்கையில் தண்ணீரை மிக ஆழமில்லாமல் வைக்க வேண்டும். ஆழம் கூடினால் நத்தைக்குக் கொண்டாட்டம். தண்ணீர் குறைந்துவிட்டாலோ களை முளைத்துவிடும். அந்தக் களைகளிலும் மோசமானது காட்டு நெல். பார்க்க நெல் மாதிரியே இருக்கும், கதிர் முற்றுவதற்குள் மணியை உதிர்த்துவிடும், உதிர்ந்தது அடுத்த பருவத்தில் முளைக்கும். இத்தனைக்கும் நடுவில் ஒரு சாண் தண்ணீரைக் காப்பாற்றித் தருவது அந்த வரப்பு. அதன் மேல்தான் நாற்பது பேரை நான் வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்திருக்கிறேன். அன்று எங்களை அதட்ட யாரும் இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாளும் அங்கேயே போனேன். அன்று அவரே கையசைத்துக் கூப்பிட்டார். உழும் இயந்திரத்தின் பின்னால் கொக்குகள் கூட்டமாக நடந்து வந்துகொண்டிருந்தன. கம்பத்தின் மேல் இருந்த மரப்பெட்டியைக் காட்டி, அது ஆந்தைக்கான வீடு, எலிக்கு அதுதான் மருந்து என்றார். பேச்சு விலை பக்கம் திரும்பியது. நெல்லின் அடிப்படை விலையை 2025 பிப்ரவரியில் அரசாங்கம் டன்னுக்கு 1,300 ரிங்கிட்டிலிருந்து 1,500 ரிங்கிட்டாக உயர்த்தியது. நாளிதழில் படித்தபோது நல்ல செய்தியென்று கடந்து போயிருந்தேன். அவர் விரல்விட்டு எண்ணிக் காட்டினார்: உழவு இயந்திரத்துக்கு வாடகை, அறுவடை இயந்திரத்துக்கு வாடகை, மருந்து, ஆலைக்கு லாரி. ஆலையில் ஈரத்திற்கும் பதருக்கும் எடையில் கழிவு வேறு. மழையில் அறுத்தால் கழிவு கூடும். மழை பெய்யாவிட்டால் ஏரியில் தண்ணீர் குறைந்து, பயிரிடும் நாளே தள்ளிப் போகும். அவர் புலம்பவில்லை. இவற்றை ஏதோ பேருந்து நேரம் சொல்வது போலச் சொன்னார்.

ஆனால் எனக்கு உண்மையில் தூக்கிவாரிப் போட்டது அன்று மாலை. தேவாலயத்தின் பக்கமாக நடந்துகொண்டிருந்தபோது ஒரு பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். எந்தத் தோட்டத்திலிருந்து வந்தீர்கள் என்று கேட்டேன். நம்மில் யார் ஒரு வயதான தமிழரைப் பார்த்தாலும் கேட்கும் முதல் கேள்வி அதுதானே.

"தோட்டமா? எங்க ஆளுங்க பால்மரம் வெட்டல தம்பி. வயல்ல இறங்குனவங்க."

1880களில் பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர் முன்னின்று பாகான் செராயில் தமிழருக்கென ஒரு விவசாயக் குடியிருப்பை ஏற்படுத்தினார். புனித சூசையப்பர் பெயரில் அமைந்த அக்குடியிருப்பைப் பற்றி எங்கோ ஒரு வரி படித்த நினைவு எனக்கிருந்தது. அந்த வரிக்கு முகம் இருக்கும் என்று நினைத்ததில்லை. சுற்றுவட்டாரக் கரும்புத் தோட்டங்களில் நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாய் வதைபட்டிருந்த அதே காலத்தில், சிலர் இங்கே தங்களுக்கென்று நிலம் வைத்துப் பயிர் செய்திருக்கிறார்கள். மேடையில் நாம் சொல்லும் வரலாறு கப்பல், கூலி, பால்மரம், செம்பனை, பிறகு பட்டணம் என்றுதான் போகும். அது பொய்யல்ல. என் சொந்தத் தாத்தாவின் கதையும் அதுதான். ஆனால் அதற்குள் அடங்காத ஒரு பாட்டி பாகான் செராயில் இருக்கிறார். பிள்ளைகள் பினாங்குத் தொழிற்சாலைகளில் வேலையாம். நிலத்தை வேறொருவர் குத்தகைக்குச் செய்கிறாராம். "எங்களுக்குப் பொறவு யாரு சேத்துல கால வைக்கப் போறா" என்றார். பிறகு, பசியாறினாயா என்று கேட்டு, இல்லையென்று நான் சொல்லத் தயங்கியதைப் பார்த்து வீட்டிற்கு அழைத்துப் போய்த் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்.

இதை நான் முதல் நாளே புறப்பட்டிருந்தால் கேட்டிருக்க முடியாது. என் திறமையால் கிடைத்தது என்றும் சொல்ல மாட்டேன். மூன்று நாளாக அதே சட்டைப்பையோடு அதே தெருவில் அலைந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான். மேல்நாட்டில் இதற்கு நிதானப் பயணம் என்று பெயர் வைத்து நூல் எழுதுகிறார்கள். நம் வீடுகளில் அதற்குப் பெயரே கிடையாது. முன்பெல்லாம் தோட்டத்திலிருக்கும் அத்தை வீட்டிற்குப் போனால் பள்ளி விடுமுறை முடியும் வரை அங்கேயே கிடப்போம். காலையில் போய் மாலையில் திரும்பினால் அத்தை கோபித்துக்கொள்வார். காரும் நெடுஞ்சாலையும் வந்தபின் அந்த வழக்கம் போய்விட்டது.

ஆகவே நம் மன்றச் செயற்குழுவுக்கு எனது கருத்து இது. ஏழு இடச் சுற்றுலாவை ஓராண்டுக்காவது நிறுத்தி வையுங்கள். அதற்குப் பதிலாகப் பன்னிரண்டு பேரை ஒரே ஊருக்கு அனுப்புங்கள். நான்கு நாள் தங்கட்டும். கிரியானாக இருக்கலாம், வேறோர் ஊராகவும் இருக்கலாம்.

நாற்பது பேர் பங்கெடுக்கும் நிகழ்ச்சியைப் பன்னிரண்டாகக் குறைத்தால் மாணவர் விவகாரப் பிரிவு நிதி தருமா? இது நியாயமான கேள்வி. நான் இருந்தபோதே எண்ணிக்கையைக் காட்டித்தான் நிதி வாங்கினோம். ஆனால் பேருந்து வாடகைதான் நம் செலவில் பெரும்பகுதி. ரயிலில் போனால் நிதியே இவ்வளவு தேவைப்படாது. பெண் பிள்ளைகளைச் சிற்றூரில் நான்கு நாள் தங்க விடப் பெற்றோர் சம்மதிப்பார்களா என்று கேட்டால், சிலர் சம்மதிக்க மாட்டார்கள் என்பதே என் பதில். விரிவுரையாளர் ஒருவர் உடன் வந்தால் சிலர் மனம் மாறலாம். இதற்கு என்னிடம் வேறு எளிய விடை இல்லை.

என்னை அதிகம் தயங்க வைப்பது மற்றொரு எதிர்ப்பு. பட்டணத்துப் பிள்ளைகள் போய், சேற்றில் உழைப்பவர்களை வேடிக்கை பார்ப்பது அவமரியாதை இல்லையா? என் நண்பன் ஒருவன் இப்படிக் கேட்டான். நான் அந்த வரப்பில் ஏறியது அவமரியாதைதான். ஆனால் அவமரியாதை என்பதை எனக்கு உணர்த்தியதே அங்கே தங்கியதுதான். மறுநாளும் அதே முகத்தைப் பார்க்க வேண்டியிருந்ததால் மன்னிப்புக் கேட்டேன். பேருந்தில் ஏறிப் போகிறவன் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. இத்தனை ஆண்டுகளாக நாம் கேட்டதுமில்லை.

நான்காம் நாள் காலை ரயிலுக்கு முன் அந்த ஒட்டுக்கடையில் பசியாறினேன். புதிதாக வந்த ஒருவர் என்னைக் காட்டி யாரென்று கடைக்காரரிடம் கேட்டார். "நம்ம தம்பிதான், வயலைப் பார்க்க வந்திருக்காரு" என்று சொல்லிவிட்டு அவர் தோசையைத் திருப்பப் போய்விட்டார்.

செயற்குழு இதை ஏற்றுக்கொண்டால் ஒரே ஒரு வேண்டுகோள். வழக்கம்போல முதலில் தேர்வு அட்டவணையைப் பார்த்துத் தேதி குறிக்காதீர்கள். அந்த வட்டாரத்தில் எப்போது தண்ணீர் திறக்கிறார்கள், எப்போது அறுக்கிறார்கள் என்று கேட்டறிந்துகொண்டு பிறகு குறியுங்கள். பச்சையாக இருக்கும் வாரம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். முழங்கால் வரை வரும் ரப்பர் காலணி கொண்டு போங்கள். பதாகையை மன்ற அறையிலேயே விட்டுச் செல்லலாம்.