கறுப்புத் திரையில் சிக்கிய செயற்கைக்கோள்

2018 ஜனவரி 7 அன்று அமெரிக்கா ‘ஸூமா’ என்ற ரகசியச் செயற்கைக்கோளை ஏவியது. அது சுற்றுப்பாதையில் தங்கியதா, கடலில் விழுந்ததா என்று அரசு வாய் திறக்கவில்லை. கனடாவின் மேற்குக் கரையில் வசிக்கும் வானொலி ஆர்வலர் ஸ்காட் டில்லி, தன் வீட்டு ஆன்டெனாவை வைத்துக்கொண்டு அதைத் தேடினார். ஸூமா அகப்படவில்லை. ஜனவரி 20ஆம் தேதிப் பதிவில் அகப்பட்டது வேறொன்று. 2000இல் ஏவப்பட்டு, 2005 டிசம்பரில் திடீரென மௌனமாகி, நாசாவே தலைமுழுகிவிட்ட ‘இமேஜ்’ செயற்கைக்கோள் அது.

இதை அதிர்ஷ்டக் கதையாகத்தான் பலரும் சொல்கிறார்கள். அதிர்ஷ்டம் பாதிதான். மீதிப் பாதி, டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கறுப்புத் திரையில், ஓடும் ஒரு சின்னக் கருவியின் கதை.

டில்லியிடம் இருந்தது ‘எஸ்டிஆர்எஃப்’. நெதர்லாந்து வானியலாளர் சேஸ் பாஸா எழுதி, எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்திருக்கும் மென்பொருள் தொகுப்பு. வந்து விழும் ரேடியோ சிக்னலை அது அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் கோப்புகளாக அடுக்கும். அந்தக் கோப்பைத் திரையில் விரித்தால், இரைச்சலுக்கு நடுவே செயற்கைக்கோள் ஒரு வளைகோடாகத் தெரியும். ஸ்டேஷனைக் கடக்கும் ரயிலின் ஹார்ன் மாதிரி, நெருங்கும்போது அதிர்வெண் உயர்ந்திருக்கும், விலகும்போது தாழ்ந்துவிடும். தாழ்வாகப் பறப்பது சில நிமிடங்களில் செங்குத்தாகச் சரிந்துவிடும். உயரத்தில் சுற்றுவது மணிக்கணக்கில் மெல்ல வளையும். 2275.9 மெகாஹெர்ட்ஸில் டில்லி கண்டது இரண்டாவது ரகம். கோட்டின் மேல் புள்ளிகளைக் குறித்து, ‘அடையாளம் காட்டு’ என்று விசையைத் தட்டினால், பட்டியலில் உள்ள ஒவ்வொரு செயற்கைக்கோளின் பாதையையும் கருவி கணக்கிட்டு, எது கோட்டோடு ஒட்டிப் போகிறது என்று சொல்லும். சொன்ன பட்டியல் எண் 26113. இமேஜ்.

ஜனவரி 30இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வகம் அந்தச் சிக்னலில் இருந்த விண்கல அடையாள எண்ணைப் படித்தது. 166. இமேஜுக்கு உரிய எண்ணேதான்.

ஒப்பிடப் பயன்படும் அந்தப் பட்டியலும் வெறும் எழுத்துக் கோப்புதான். ஒரு செயற்கைக்கோளுக்கு இரண்டே வரி, வரிக்கு 69 எழுத்து. துளை அட்டைக் காலத்துச் சிக்கனம் இன்னும் போகவில்லை: ஆண்டுக்கு இரண்டே இலக்கம், 57 என்றால் 1957, 56 என்றால் 2056. ஸ்புட்னிக் பறந்த ஆண்டுதான் எல்லைக்கல். இரண்டாம் வரியின் கடைசிப் பகுதியில், ஒரு நாளைக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு இருக்கும். சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அது 15.5 அளவில், இமேஜுக்கு 1.7 அளவில். ‘இரண்டுக்குக் கீழே உள்ளவை மட்டும் வரட்டும்’ என்று ஒரு வரிக் கட்டளை தந்தால் தாழ்வாகப் பறக்கும் கூட்டம் முழுவதும் விலகிவிடும். 5ஆம் எண்ணைக் கேட்டால் 1958இல் ஏவிய வான்கார்டு-1 வந்து நிற்கும். அது இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

செல்போன் செயலிகள் இந்தக் கோப்பைத்தான் அழகாக உடுத்திக் காட்டுகின்றன. விண்வெளி நிலையம் இன்று மாலை எத்தனை மணிக்குத் தலைக்கு மேல் வரும் என்று அவை சொல்வது நல்லதே. ஆனால் செயலியை எழுதியவர் யோசித்த கேள்வியைத் தவிர வேறு கேள்வியை அதனிடம் கேட்க முடியாது. ‘திரையில் தெரியும் இந்தக் கோடு யாருடையது?’ என்று கேட்க அங்கே பொத்தான் கிடையாது.

கறுப்புத் திரை மிரட்டும் என்பது உண்மை. இந்தக் கருவிகளை லினக்ஸில் நாமேதான் தொகுத்து நிறுவ வேண்டும். தவறாகத் தட்டினால் ஒற்றை வரியில் முகத்தில் அடித்தாற்போல் பதில் வரும். முதல் வாரத்திலேயே கைகழுவுகிறவர்கள் உண்டு. அதற்காக மாணவர்களிடம் வண்ண வரைபடத்தை மட்டும் நீட்டுவது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவதாகும். கோப்பைத் திறந்து, ஒரு கேள்வி கேட்டு, வந்த பதிலிலிருந்து அடுத்த கேள்வியைப் பிடிக்கிற பழக்கம் வேறெங்கும் கிடைக்காது.

இமேஜ் விவகாரத்தில் உறுத்தலான பகுதி ஒன்று உண்டு. செய்தி வெளியானபின் பாஸா தன் பழைய பதிவுகளைப் புரட்டினார். 2016 அக்டோபரிலேயே அந்தச் சிக்னல் அவருடைய கோப்பில் பதிவாகியிருந்தது. யாரும் கேட்காததால் கிடப்பில் கிடந்தது. அழிக்காமல் வைத்திருந்ததால் பிறகாவது தெரிந்தது. இமேஜ் மட்டுமல்ல: டில்லி 2020 மார்ச்சில், 1967இல் ஏவப்பட்ட எல்இஎஸ்-5 செயற்கைக்கோள் இன்னும் சிக்னல் அனுப்பிக்கொண்டிருப்பதையும் கண்டுபிடித்தார்.

செயற்கைக்கோள் சிக்னல் பிடிக்கிற கல்லூரிகளும் ஆய்வு நிறுவனங்களும் ஆண்டறிக்கைக்கு நாலு படம் எடுத்துக்கொண்டு மூலக் கோப்பை அழித்துவிடக் கூடாது. அதிர்வெண், நேரம், பதிவு செய்த இடம் ஆகிய மூன்றையும் எழுத்துக் கோப்பாக, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வைத்தால் போதும். அதற்கு ஆகும் செலவு ஒரு ஹார்ட் டிஸ்க்.