முதல்ல மாப்பிள்ளைக்கு டெஸ்ட் எடுங்கப்பா

கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆயிட்டா போதும், ஸ்ரீரங்கம் பக்கம் எங்க ஊர்ல மருமகளைத்தான் மலைக்கோட்டை தாயுமானவருக்கு வாழைத்தார் நேர்ந்துக்கச் சொல்றாங்க. நேர்ந்துக்கட்டும், வாழை போடுற எனக்கும் நாலு தார் விக்கும். ஆனா அந்த வேண்டுதல் சுகப்பிரசவத்துக்கு. கரு தங்கலேன்னா டாக்டரைத்தான் பார்க்கணும்.

அங்கயும் பொண்ணு மட்டும்தான் போவுது. ஸ்கேன், ரத்தம், ஊசின்னு அது திருச்சிக்கு பஸ் ஏறும். மாப்பிள்ளை டீக்கடையில உட்கார்ந்திருப்பார்.

குழந்தையில்லாத தம்பதிகள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆம்பளை பக்கமும் காரணம் இருக்கு. விந்துப் பரிசோதனைக்கு ஊசியும் கிடையாது, மயக்கமும் கிடையாது, செலவும் கம்மி. நெல்லு முளைக்கலேன்னா விதையைப் பார்க்காம வயலை மட்டும் எவனாவது திட்டுவானா? அணு ரொம்பக் கம்மியா இருந்தாக்கூட 'இக்சி' முறையில ஒரே ஒரு அணுவைக் கருமுட்டைக்குள்ள ஊசியால செலுத்துறாங்க. அதுக்கும் நாள்கணக்கா ஹார்மோன் ஊசி குத்திக்கிறது பொண்டாட்டிதான். அப்புறமும் மலடிங்கற பேரு அவளுக்கே!

இன்னொண்ணு. 2021 சட்டப்படி பதிவு இல்லாம சென்டர் நடத்தக்கூடாது. சட்டம் வந்த அடுத்த வருஷமே ஈரோட்டுல 16 வயசுப் பொண்ணோட கருமுட்டையைப் பல தடவை வித்த கூத்து வெளிய வந்துச்சு. நகையை அடகு வைக்கறதுக்கு முன்னால பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்க. மாப்பிள்ளையையும் கூடக் கூட்டிட்டுப் போங்க.